நாக்கு எங்கே தொடுகிறது?

கேரளத்தில் எர்ணாகுளம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் கலெக்டர் அலுவலகம் காக்கநாட்டில் உள்ளது. காக்கநாடு, கொச்சி நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஊர்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990 பிப்ரவரி 4ஆம் நாள், இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று இது அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அப்போதைய பிரதமர் வி. பி. சிங். மறு ஆண்டு, 1991 ஏப்ரல் 18ஆம் நாள், கேரள மாநிலம் முழுவதும் அந்த நிலையை எட்டியது.

கொச்சியின் மேற்குப் பக்கம் கடல். அங்கேதான் மட்டாஞ்சேரி இருக்கிறது. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய பழைய வியாபார இடம் அது. வியாபாரம் நடக்கும் இடத்துக்குப் பல ஊர் ஆட்களும் வருவார்கள். கூடவே பல மொழிகளும் வந்து சேரும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று மட்டாஞ்சேரியின் சின்னச் சின்னத் தெருக்களில் பல மொழிகள் கேட்கும். பக்கத்தில் உள்ள போர்ட் கொச்சியில், துணி வெளுக்கும் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. டச்சுக்காரர்கள் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வார்கள்.

காக்கநாட்டுக்கு இப்போதும் வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வருகிறார்கள். கம்பெனி வேலைக்கு வருகிறார்கள்.

மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸை விட்டு இறங்குகிறார். கலெக்டர் அலுவலகத்துக்கு வழி கேட்க வேண்டும். தமிழிலும் வழி, மலையாளத்திலும் வழி. ஒரே சொல்தான். ஆனால் அவர் பேச்சில் ழகரம் வராது. "வளி எங்கே?" என்று கேட்கிறார். கேட்டவர் சிரித்துவிடுகிறார். மலையாளத்தில் 'வளி' என்றால் வயிற்றிலிருந்து பின்பக்கமாக வெளியேறும் காற்று! நடுத்தெருவில் நின்று அது எங்கே என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வந்தவருக்கு வெட்கமாகிவிடும். "என் நாக்கு தடித்த நாக்கு. எனக்கு அது வராது" என்பார். படிக்கத் தெரிந்தவர்கள்கூட இப்படிச் சொல்வது உண்டு. இது சரியா? நாக்கில் தடித்த நாக்கு, மெல்லிய நாக்கு என்று இருக்கிறதா? ழகரம் சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வருமா? பார்ப்போம்.

வாய்க்குள் ஒரு சுற்று

வாயை மூடிக்கொள்ளுங்கள். நாக்கின் நுனியால் மேல்பல்லின் உள்பக்கத்தைத் தொடுங்கள். அது வழவழப்பாக இருக்கும். நுனியை அப்படியே கொஞ்சம் பின்னால் இழுங்கள். பல் முடிந்து ஈறு வரும். அங்கே ஒரு சிறு மேடு தட்டுப்படும். வரப்பு மாதிரி இருக்கும். இன்னும் பின்னால் இழுங்கள். மேடு முடிந்து, கூரை மேலே ஏறும். இது மேல்வாயின் வளைவு. இன்னும் பின்னால் போனால் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும். நாக்கின் நுனி அதுவரை எட்டுவது சிரமம். அந்த இடத்தை நாக்கின் அடிப்பகுதிதான் தொடும்.

பல், மேடு, வளைவு, மெத்தென்ற பின்பகுதி. இந்த நாலு இடங்களையும் நினைவில் வையுங்கள்.

இப்போது 'காக்கநாடு' என்று மெதுவாகச் சொல்லுங்கள். 'கா', 'க்க' என்னும்போது நாக்கின் அடிப்பகுதி எழும்பி மெத்தென்ற இடத்தை அடைக்கிறது. நுனி சும்மா கீழே கிடக்கிறது. 'நா' என்னும்போது நுனி முன்னால் ஓடி வருகிறது. 'டு' என்னும்போது அதே நுனி மேலே மடங்கி வளைவைத் தொடுகிறது. ஐந்து எழுத்துப் பெயருக்குள் நாக்கு வாய் முழுவதையும் சுற்றி வந்துவிட்டது. இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று வயதிலேயே நாக்கு தானாகக் கற்றுக்கொண்டது.

மூன்று 'ன'

எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குப் பெரிய தொல்லை ந, ன, ண என்ற மூன்றும்தான். "இரண்டு சுழி ன, மூன்று சுழி ண" என்று சொல்லிக் கொடுப்பார்கள். சுழியை எண்ணினால் எழுத்தின் வடிவம் தெரியும். எங்கே எதைப் போடுவது என்று தெரியாது.

பழைய தமிழ் வாத்தியார்கள் இந்த எழுத்துகளுக்கு வேறு பெயர் சொன்னார்கள். ந என்பது தந்நகரம். ன என்பது றன்னகரம். ண என்பது டண்ணகரம். கேட்பதற்கு ஏதோ மந்திரம் போல இருக்கிறது அல்லவா? அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. 'த'வும் 'ந'வும் ஒரே வீட்டுக்காரர்கள். இரண்டுக்கும் நாக்கு பல்லைத் தொட வேண்டும். 'ற'வும் 'ன'வும் ஒரே வீடு. அந்த வீடு மேட்டில் இருக்கிறது. 'ட'வும் 'ண'வும் ஒரே வீடு. அது வளைவில் இருக்கிறது.

'த்' என்று சொல்ல நாக்கை வையுங்கள். வைத்த நாக்கை எடுக்காமல் மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். 'ந்' வந்துவிடும். 'ட்' என்று சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். 'ண்' வந்துவிடும். நாக்கு இருக்கும் இடம் ஒன்றே. காற்று போகும் பாதை மட்டும் வேறு. சந்தேகம் இருந்தால் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு 'ண்' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். ஒலி நின்றுவிடும்.

இது தெரிந்தால் எழுதுவதில் பாதித் தொல்லை தீரும். வண்டு, நண்டு, மண்டபம். இவற்றில் 'ட'வுக்கு முன்னால் ண்தான் வரும். கன்று, ஒன்று, தென்றல். 'ற'வுக்கு முன்னால் ன்தான் வரும். பந்து, வந்தான், சந்தை. 'த'வுக்கு முன்னால் ந்தான் வரும். காரணம் எளிது. அடுத்த எழுத்துக்கு நாக்கு எங்கே போக வேண்டுமோ, அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்கிறது. மேட்டில் ஒரு முறை, வளைவில் ஒரு முறை என்று தாவ அதற்கு நேரம் இல்லை. மங்கை, மஞ்சள், கம்பு ஆகிய சொற்களிலும் இதே கதைதான். கம்பில் மட்டும் நாக்குக்கு வேலை இல்லை. உதடு பார்த்துக்கொள்கிறது.

ஆனால் பணி, பனி போன்ற சொற்களில் பக்கத்தில் ட, ற எதுவும் இல்லை. அங்கே நாக்கைத்தான் கேட்க வேண்டும். பணி என்றால் வேலை. பனி என்றால் குளிர்காலத்தில் பெய்வது. மணம் பூவில் இருக்கும். மனம் நெஞ்சில் இருக்கும். நுனி வளைவுக்கு மடங்கினால் மூன்று சுழி. மேட்டோடு நின்றால் இரண்டு சுழி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் இன்று பெரும்பாலோர் பேச்சில் 'நாடு' என்பதன் 'ந'வும் 'மனம்' என்பதன் 'ன'வும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. மலையாளத்தில் இதற்கு நேர் எதிர். அவர்களிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எழுத்துத்தான். ஒலியோ இரண்டு. கன்னி மாதம் என்று சொல்லும்போது காக்கநாட்டுக்காரரின் நாக்கு மேட்டைத் தொடுகிறது. பன்றிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பந்நி'. அதைச் சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது. சங்கிலிக் கண்ணி என்னும்போது வளைவைத் தொடுகிறது. மூன்றும் மூன்று தனி ஒலிகள். பல், மேடு, வளைவு ஆகிய மூன்றிலும் இப்படித் தனித்தனி மூக்கொலி வைத்திருக்கும் மொழி உலகில் அதிகம் இல்லை. மலையாளம் பேசும் சிறு குழந்தை அதைத் தடுமாறாமல் சொல்கிறது. எழுத்தைக் காப்பாற்றியது தமிழ். ஒலியைக் காப்பாற்றியது மலையாளம்.

சிறப்பு ழகரம்

இனி ல, ள, ழ. இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் 'ல்' என்று சொல்லுங்கள். நுனி பல்லுக்குப் பின்னால், மேட்டைத் தொட்டு நிற்கிறது. அந்த நிலையிலேயே நாக்கை வைத்துக்கொண்டு வாயால் காற்றை உள்ளே இழுங்கள். எங்கே குளிர்கிறது? நாக்கின் இரண்டு ஓரங்களிலும் குளிரும். காற்று ஓரங்கள் வழியாகப் போய் வருகிறது. நடுவில் நுனி அடைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து 'ள்'. நுனியை வளைவுக்கு மடக்கித் தொடுங்கள். மறுபடி காற்றை இழுங்கள். இப்போதும் ஓரங்கள்தான் குளிரும். லகரமும் ளகரமும் ஒரே வகை. தொடும் இடம் மட்டும் மாறுகிறது.

இனி 'ழ்'. ளகரத்துக்கு மடக்கியது போலவே நாக்கை மடக்குங்கள். ஆனால் தொடாதீர்கள். ஒரு நெல்மணி நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டியிருக்கட்டும். அப்படியே குரலை விடுங்கள். இப்போது காற்றை இழுத்துப் பாருங்கள். குளிர்ச்சி நடுவில் வரும். வாசல் ஓரத்திலிருந்து நடுவுக்கு மாறிவிட்டது.

ரகசியம் இவ்வளவுதான். ளகரத்தில் நுனி தொடும். ழகரத்தில் நுனி தொடாது. "நன்றாக அழுத்திச் சொல்" என்று பிள்ளைகளை அதட்டுகிறவர்கள் உண்டு. அழுத்தினால் நாக்கு தொட்டுவிடும், ளகரம் வந்துவிடும். ழகரம் அழுத்தினால் வராது, விட்டால்தான் வரும். அதட்டுகிறவர் இதை அறிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் அடி வாங்காமல் தப்பியிருப்பார்கள்.

இதைப் பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. வாயை லேசாகத் திறந்து 'ஆ' என்று நீட்டுங்கள். நீட்டிக்கொண்டே, குரலை நிறுத்தாமல், நுனியை மெல்ல மேலே மடக்குங்கள். எதையும் தொட விடாதீர்கள். 'ஆ' தானாக 'ஆழ்' ஆகும். பிறகு ஆழம், வாழை, கோழி என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சின்னக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தால், நாக்கின் அடிப்பக்கம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் சரியாக மடங்குகிறது என்று பொருள்.

நாக்கைப் பற்றிய இந்த ஆராய்ச்சி புதியது அல்ல. தொல்காப்பியம் என்ற மிகப் பழைய தமிழ் இலக்கண நூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பாகம் எந்த இடத்தைத் தொடுகிறது, எந்த எழுத்துக்கு அழுத்தித் தொடுகிறது, எந்த எழுத்துக்குத் தடவிக்கொண்டு மட்டும் போகிறது என்று அதில் சொல்லியிருக்கிறது. ழகரத்துக்கு நாக்கின் நுனி மேலே எழுந்து தடவ வேண்டும் என்கிறது அந்த நூல். ஒற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எக்ஸ்ரே கிடையாது, ஸ்கேன் கிடையாது. தன் வாயையே கவனித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் வேறு வழிகள் வந்தன. நாக்கில் எண்ணெய் கலந்த கரித்தூளைப் பூசி, ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, மேல்வாயில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தமிழ் பேசும் ஒருவரின் வாயை அமெரிக்காவில் அப்படிப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்துக்கும் நாக்கு எப்படி நிற்கிறது என்று தேடினார்கள். ழகரத்துக்கு நாக்கு பின்னால் இழுத்து மடங்குவதும், வாசல் நடுவில் திறந்திருப்பதும் அந்தப் படங்களில் தெரிந்தன.

தமிழுக்கு மட்டுமா?

"ழகரம் தமிழுக்கு மட்டுமே சொந்தம்" என்று மேடையில் பேசுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். அது உண்மை அல்ல. காக்கநாட்டுக்குப் போனால் மழ, புழ, பழம், கோழி, வழி என்று நாள் முழுவதும் ழகரம் காதில் விழும். சீனர்களின் மொழியிலும், அமெரிக்கர் பேசும் ஆங்கிலத்தின் ரகரத்திலும் இதற்கு நெருங்கிய உறவான ஒலிகள் உண்டு.

நம் பக்கத்து மொழிகளிலும் ஒரு காலத்தில் இது இருந்தது. பழைய கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது. பிறகு ஒலி மறைந்தது. எழுத்தும் மறைந்தது. தமிழில் ஏழு, மலையாளத்திலும் ஏழு. கன்னடத்தில் அது ஏளு ஆனது. தெலுங்கில் ஏடு ஆனது. கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. கவனித்துப் பாருங்கள். ழகரத்துக்கு நாக்கு மடங்கி நிற்கிறது, தொடவில்லை. கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தொட்டுவிட்டால் ள. நன்றாக அடைத்துவிட்டால் ட. மொழிகள் மாறுவதும் வாய்க்குள்ளேதான்.

இதே மாற்றம் தமிழ்ப் பேச்சிலும் நடந்திருக்கிறது. மதுரைப் பக்கம் வாளப்பளம் என்பார்கள். சென்னைப் பக்கம் வாயப்பயம் என்பார்கள். மலபார்ப் பகுதியிலும் மழையை 'மய' என்று சொல்கிறவர்கள் உண்டு. இவர்கள் நாக்கில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளைப் பருவத்தில் காதில் எது விழுந்ததோ, அதை நாக்கு பழகிக்கொண்டது. அவ்வளவுதான். ழகரம் வந்தால் உயர்ந்த பிறப்பு, வராவிட்டால் தாழ்ந்த பிறப்பு என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேலி அறியாமையில் பிறந்தது. வீட்டிலும் சந்தையிலும் வாளப்பளம் என்று சொல்வதால் யாருக்கும் நட்டம் இல்லை.

எழுதும்போது மட்டும் நட்டம் வரலாம். "மூன்று வேளை சாப்பாடு வேண்டும்" என்பது வேறு. "மூன்று வேலை" என்பது வேறு. மருத்துவமனையில் "வலி தெரியவில்லை" என்று எழுதினால் டாக்டர் மகிழ்வார். "வழி தெரியவில்லை" என்று எழுதினால் ஆளைக் கூட அனுப்புவார். ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க அலைய வேண்டும். பழனி என்பதைப் பளனி என்று எழுதிவிட்டு, அதைத் திருத்த மனு எழுதி, அந்த மனுவோடு வரிசையில் நிற்பது வீண் வேலை. ஒரு நாள் கூலியும் போகும். பெயரைச் சொல்லி எழுதச் சொல்லும்போது எழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "சிறப்பு ழ" என்று சொன்னால் எழுதுகிறவருக்குப் புரியும்.

கரையும் கறையும்

ர, ற என்ற இரண்டையும் இப்போது தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள். கரை என்றால் ஆற்றங்கரை. கறை என்றால் துணியில் படிவது. மலையாளத்தில் கர, கற. பொருளும் அதே பொருள். அங்கே இரண்டும் காதுக்கு வேறுவேறாகக் கேட்கும். ரகரத்துக்கு நாக்கு ஒரு முறை லேசாகத் தட்டிவிட்டு வருகிறது. றகரத்துக்கு மேட்டின் மேல் படபடவென்று அதிர்கிறது.

இரட்டை றகரம் இன்னும் சுவையானது. காற்று என்று எழுதுகிறோம். பேசும்போது காத்து என்கிறோம். வாசிக்கும்போது 'காற்ட்ரு' என்பது போல ஏதோ சொல்லிச் சமாளிக்கிறோம். காக்கநாட்டில் அப்படி இல்லை. அங்கே அது ஒரே திடமான ஒலி. அது எப்படி வருகிறது? பத்து என்று சொல்லுங்கள், நாக்கு பல்லில் தொடுகிறது. பட்டு என்று சொல்லுங்கள், நாக்கு வளைவில் தொடுகிறது. இப்போது இரண்டுக்கும் நடுவே, மேட்டில் நுனியை வைத்து, அதே மாதிரி அடைத்து விடுங்கள். 'பத்து'வும் இல்லாமல், 'பட்டு'வும் இல்லாமல் மூன்றாவதாக ஓர் ஒலி வருகிறதா? அதுதான் பற்று. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சிலும், யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் இந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தார் பலர் கனடா நாட்டில் குடியேறியிருக்கிறார்கள். அங்கே உள்ள பெரிய நகரத்தைத் தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதுகிறோம். அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆங்கிலேயர் அந்த முதல் ஒலியைச் சொல்லும்போது அவர்கள் நாக்கு மேட்டில்தான் தொடுகிறது. மேட்டு ஒலியைப் பேச்சில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் அதை ரகர றகரத்தின் வீட்டில் சேர்த்தார்கள். மேட்டு ஒலியை விட்டுவிட்ட தமிழ்நாட்டார் டகரத்தின் வீட்டில் சேர்த்தார்கள். இரண்டு பேரும் தங்கள் காது சொன்னதைத்தான் எழுதினார்கள்.

உச்சுக் கொட்டுவதும் ஓர் எழுத்து

யாராவது துன்பக் கதை சொன்னால் "ச்சு, ச்சு" என்று உச்சுக் கொட்டுகிறோம். நாக்கின் நுனியைப் பல்லில் ஒட்டி, வெடுக்கென்று இழுத்தால் அந்தச் சத்தம் வருகிறது. குதிரை வண்டிக்காரர் கன்னத்தின் ஓரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுக் குதிரையை ஓட்டுவார். நமக்கு இவை வெறும் சத்தம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் சோசா, சூலு என்ற மொழிகள் பேசுகிறவர்களுக்கு இவை எழுத்துகள். நாம் க, த என்று சொல்வது போல, அவர்கள் சொல்லின் நடுவே இந்தச் சத்தங்களைச் சேர்த்துச் சரளமாகப் பேசுகிறார்கள். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி சோசா. அந்த மொழியின் பெயரே, அவர்கள் சொல்லும்போது, குதிரைக்காரரின் சத்தத்தில்தான் தொடங்கும்.

அந்தச் சத்தத்தைப் போட உங்களுக்கும் தெரியும். சொல்லின் நடுவே போட மட்டும் தெரியாது. அப்படியானால் குறை நாக்கில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது.

வயது வந்தவருக்கு வருமா?

வரும். நேரம் ஆகும். ழகரம் குழந்தைகளுக்கே கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று. பல குழந்தைகள் முதலில் யகரம் அல்லது ளகரம் போட்டுத்தான் ஓட்டுகின்றன. மேல்பல் விழுந்த முதியவர்களுக்குத் தகரம் குழறலாம். ழகரத்துக்கு முன்பல் தேவையில்லை என்பதால் அவர்களும் கவலைப்பட வேண்டாம். நாக்கின் அடியில் உள்ள சவ்வு சிலருக்குப் பிறவியிலேயே குட்டையாக இருக்கும். நாக்கை நீட்டவோ மடக்கவோ முடியாத அளவுக்கு அது இழுத்துப் பிடித்தால் டாக்டரிடம் காட்டலாம். மற்றவர்களுக்கு வேண்டியது கண்ணாடியும் பொறுமையும்தான்.

எர்ணாகுளம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே பெரும்பாவூர் என்ற ஊரில் வங்காளம், அசாம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மலையாளம் கற்பிக்க, கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் அந்த ஊரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் 'சங்ஙாதி'. தோழன் என்று பொருள். பாடப் புத்தகத்தின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. எங்கள் மலையாளம் என்று பொருள்.

வங்காளத்திலிருந்து வந்தவர் ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் மொழியில் ழகரம் இல்லை, ளகரமும் இல்லை. பஸ் பலகையில் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்திலும் இருக்கும். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லாததால், இசட் எழுத்தையும் எச் எழுத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வடக்கே இருந்து வந்தவர்கள் கோழிக்கோட்டைக் 'கோஜிக்கோட்' என்று வாசிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆங்கிலேயர்கள் அந்த வேலையே வேண்டாம் என்று ஆலப்புழையை ஆலெப்பி என்று எழுதிவிட்டுப் போனார்கள். கோழிக்கோட்டைக் காலிகட் என்றார்கள். எழுத்தைப் பார்த்து இந்த ஒலியைக் கற்க முடியாது. வாயைப் பார்த்துத்தான் கற்க முடியும். சொல்லிக் கொடுப்பவர் தன் வாயைத் திறந்து, நாக்கை மடக்கிக் காட்ட வேண்டும். கற்பவர் வெட்கப்படாமல் பார்க்க வேண்டும்.

ஒரு பயிற்சி

எர்ணாகுளம் மாவட்டத்தில் இன்னோர் ஊர் உண்டு. அதன் பெயர் மூவாற்றுப்புழை. மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர். இந்தப் பாடத்தில் வந்த கடினமான ஒலிகள் இரண்டு அதில் இருக்கின்றன.

முதலில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். 'மூ' என்னும்போது உதடுகள் கூடிப் பிரியும். 'வா' என்னும்போது கீழ் உதடு மேல்பல்லின் பக்கம் போகும். 'ற்று' வரும்போது நுனியை மேட்டில் வையுங்கள். பல்லுக்குப் போகாதீர்கள், வளைவுக்கும் போகாதீர்கள். திடமாக அடைத்து விடுங்கள். 'ப்பு' உதடுகளின் வேலை. அந்த நேரத்தில் நாக்குக்கு ஓய்வு. அந்த ஓய்விலேயே நுனியைப் பின்னால் மடக்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'ழை' வரும்போது தொடாமல் நில்லுங்கள்.

மூன்று முறை மெதுவாக. பிறகு மூன்று முறை வேகமாக. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். யாருக்கு முதலில் தவறுகிறது என்று பாருங்கள்.